பீல் தெருவின் பாடகர்கள்

ஜனவரி மாதம் ஆஸ்திரேலியாவுக்கு நடுக்கோடை. சிட்னியிலிருந்து வடக்கே சுமார் 400 கிலோமீட்டர் உள்நாட்டுக்குள் போனால் டாம்வர்த் என்ற ஊர் வரும். சுற்றிலும் மாட்டுப் பண்ணைகள், தானிய வயல்கள், நடுவே பீல் என்ற சிறிய ஆறு. அந்த மாதத்தில் அங்கே வெயில் 35 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். 40-ஐத் தொடும் நாள்களும் உண்டு. உள்ளூர்க்காரர்கள் வீட்டுக்குள் ஒடுங்க வேண்டிய அந்த நாள்களில்தான் ஊரின் கடைவீதியான பீல் தெருவுக்கு நாடெங்கிலுமிருந்து ஆள்கள் கிட்டாரோடு வந்து இறங்குகிறார்கள்.

கடை வாசலில் ஒருவர், நடைபாதை மரத்தடியில் ஒருவர், தெருமுனையில் ஒரு குடும்பமே நின்று பாடும். அப்பா கையில் பாஞ்சோ, மகள் தோளில் ஃபிடில், அம்மாவும் சின்னவனும் பின்பாட்டு. முன்னால் திறந்து வைத்த கிட்டார் பெட்டியில் ஒன்றும் இரண்டுமாக டாலர் நாணயங்கள். பக்கத்தில் சொந்தச் செலவில் போட்ட சிடிக்கள். பத்து எட்டு நடந்தால் அடுத்த பாட்டு காதில் விழும். பத்து வயதுப் பையன் மவுத் ஆர்கன் வாசித்துக்கொண்டிருப்பான். அவனுக்கு எதிரே எழுபது வயதைத் தாண்டிய ஒருவர், குரலைச் சட்டென்று மேல் ஸ்தாயிக்கு உடைத்துப் பாடும் யோடலிங்கைப் பழைய பாணியில் பாடிக் காட்டுவார்.

இதுதான் டாம்வர்த் கன்ட்ரி இசை விழா. பத்து நாள் நடக்கிறது. பெரிய அரங்கில் டிக்கெட் கச்சேரிகள், மதுக்கூடங்களில் காலை முதல் நள்ளிரவு வரை பாட்டு, பூங்காவில் இலவச மேடை, கடைசியில் நாடே பார்க்கும் கோல்டன் கிட்டார் விருது விழா என்று பல அடுக்குகள். ஆற்றங்கரை மைதானங்கள் முழுக்கக் கூடாரங்களும் கேரவன்களும். ஆனாலும் இந்த விழாவின் உயிர் எங்கே என்று கேட்டால் பீல் தெருவின் நடைபாதையில் என்றுதான் சொல்வேன். மேடையில் இன்று நிற்கிறவர்களில் பலர் அந்த நடைபாதையில் நின்றவர்கள். கேட்பவரின் முகத்தை இரண்டடி தூரத்தில் பார்த்துப் பாடக் கற்றவர்கள்.

வானொலி பெற்ற விழா

இப்படி ஒரு திருவிழா, கன்ட்ரி இசைக்குப் பேர்போன அமெரிக்காவின் நாஷ்வில்லில் நடந்தால் ஆச்சரியமில்லை. தென்கோளத்தில் இருக்கும் ஒரு பண்ணை ஊர் கன்ட்ரி இசையின் தலைநகரானதற்குக் காரணம் ஒரு வானொலி நிலையம்.

1960-களின் நடுவில் டாம்வர்த் பகுதிக்குத் தொலைக்காட்சி வந்தது. மாலையானால் மக்கள் படப்பெட்டி முன் உட்கார்ந்தார்கள், வானொலியின் இரவு நேரம் காலியானது. 2டிஎம் என்ற உள்ளூர் நிலையம் அந்த நேரத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்று யோசித்து 1965-இல் ‘ஹோடவுன்’ என்ற கன்ட்ரி இசை நிகழ்ச்சியைத் தொடங்கியது. நடத்தியவர் ஜான் மின்சன். இரவில் மத்திய அலை வெகுதூரம் போகும். ஒரு காலத்தில் நம் ஊர் வீடுகளில் இலங்கை வானொலி ஒலித்ததைப் போல, டாம்வர்த்தின் ஒலி கிழக்கு ஆஸ்திரேலியாவின் பண்ணை வீடுகளுக்கும் இரவில் ஓடும் லாரிகளுக்கும் போய்ச் சேர்ந்தது. கடிதங்கள் குவிந்தன. பெருநகர வானொலிகள் ஒதுக்கிய ஒரு இசைக்கு இத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

மேக்ஸ் எல்லிஸ் உள்ளிட்ட நிலையத்துக்காரர்கள் 1969 வாக்கில் ‘கன்ட்ரி இசையின் தலைநகரம்’ என்ற பட்டத்தை ஊருக்குச் சூட்டிக்கொண்டார்கள். விளம்பரம்தான். ஆனால் அந்த விளம்பரத்துக்கு அடியில் கேட்பவர்கள் உண்மையாக இருந்தார்கள், அதனால் அது நிலைத்தது. 1888-இலேயே நகராட்சியின் மின்சாரத் தெருவிளக்கை ஏற்றி ஆஸ்திரேலியாவில் முந்திக்கொண்ட ஊர் இது. தன்னை முன்னிறுத்திக்கொள்ளத் தெரிந்த ஊர். 1973 ஜனவரியில், ஆஸ்திரேலிய தினத்தையொட்டிய நீண்ட வார விடுமுறையில், நகர மன்ற அரங்கில் முதல் கோல்டன் கிட்டார் விருதுகள் வழங்கப்பட்டன. இன்றைய விழா அந்த விருதைச் சுற்றி வளர்ந்தது.

முதல் விருது பெற்ற பெண்

அந்த இரவு வழங்கப்பட்ட முதல் கோல்டன் கிட்டார், ‘லைட்ஸ் ஆன் தி ஹில்’ என்ற பாட்டை எழுதிய ஜாய் மக்கீனுக்குப் போனது. மழை இரவில், மலைச் சாலையில், எதிரே வரும் விளக்கொளியில் கண் கூசும் லாரி ஓட்டுநரின் பாட்டு அது. பாடியவர் அவருடைய கணவர் ஸ்லிம் டஸ்டி. லாரிக்காரர்களின் பாட்டு என்று ஆஸ்திரேலியா முழுக்கக் கொண்டாடப்படும் அந்த வரிகளை எழுதியவர் ஒரு பெண் என்பது பலருக்குத் தெரியாது.

ஜாய்க்கு அந்த இரவுச் சாலைகள் கேள்விப்பட்டவை அல்ல, அவரே வண்டி ஓட்டிச் சென்றவை. 1930-இல் பிறந்த அவரைச் சிறு வயதிலேயே போலியோ தாக்கியது. அக்கார்டியன் கற்றார். தங்கை ஹெதரோடு சேர்ந்து ‘மக்கீன் சகோதரிகள்’ என்ற பெயரில் சிட்னி வானொலியில் யோடலிங் பாடிப் பெயர் பெற்றார். ஸ்லிம் டஸ்டியை மணந்தபின் 1954-இல் இருவரும் முழுநேரமாகச் சாலையில் இறங்கினார்கள். கேரவனில் குடித்தனம், கூடாரத்திலோ ஊர்ப் பொதுக்கூடத்திலோ கச்சேரி, மறுநாள் அடுத்த ஊர். 1964 முதல் அது ஆண்டுதோறும் பத்து மாதம், சுமார் 48,000 கிலோமீட்டர் என்று ஆஸ்திரேலியாவையே சுற்றிவரும் பயணமாக நிலைபெற்றது. மேடையில் வாசித்ததும், வண்டி ஓட்டியதும், கணக்கைப் பார்த்ததும், பிள்ளைகளை வளர்த்ததும் ஜாய். அதற்கு நடுவே பாட்டும் எழுதினார். மகள் ஆன் கர்க்பேட்ரிக்கும் பிறகு கோல்டன் கிட்டார் வென்ற பாடகியானார். 2023-இல், 93-ஆவது வயதில் ஜாய் காலமானார். ஆஸ்திரேலிய கன்ட்ரி இசையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் ஸ்லிமின் பெயரை முதலில் எழுதுகிறார்கள். அவருக்குச் சமமான இடத்தில் ஜாயின் பெயரும் இருக்க வேண்டும்.

ஸ்லிம் டஸ்டி என்பது அவரே சூட்டிக்கொண்ட பெயர். டேவிட் கோர்டன் கர்க்பேட்ரிக் என்ற பண்ணைச் சிறுவன், நியூ சவுத் வேல்ஸின் கெம்ப்சி அருகே ஒரு பால் பண்ணையில் வளர்ந்து, பத்து வயதில் முதல் பாட்டை எழுதி, பதினொரு வயதில் இனி என் பெயர் இதுதான் என்று முடிவெடுத்தான். 1957-இல் அவர் பாடிய ‘எ பப் வித் நோ பியர்’ கடல் தாண்டியும் ஒலித்தது. கோர்டன் பார்சன்ஸ் எழுதிய பாட்டு அது. அந்த ஒரு பாட்டின் புகழிலேயே அவர் நகரத்தில் தங்கியிருக்கலாம். தங்கவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட ஆல்பங்களைப் பதிவு செய்தார், ஒவ்வொன்றையும் எடுத்துக்கொண்டு செம்மண் சாலைக்கே திரும்பினார். 2000-இல் சிட்னி ஒலிம்பிக்ஸின் நிறைவு விழாவில் ஒரே ஒரு கிட்டாரோடு நின்று ‘வால்ட்சிங் மட்டில்டா’ பாடியவர் அவர். மைதானமே கூடப் பாடியது. 2003-இல் இறந்தபோது அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடந்தது.

ஸ்லிமுக்கு முன்பும் பாடகர்கள் இருந்தார்கள். நியூசிலாந்திலிருந்து வந்த டெக்ஸ் மார்ட்டன் 1936-லேயே சிட்னியில் இசைத்தட்டு பதிவு செய்தார். அமெரிக்காவின் ஜிம்மி ராட்ஜர்ஸைக் கேட்டுக் கற்ற தலைமுறை அது. ஸ்லிமின் சாதனை வேறு இடத்தில் இருக்கிறது. அமெரிக்க உச்சரிப்பைக் கழற்றி வைத்துவிட்டு, தன் மூக்கொலியோடு, தன் ஊர்ப் பெயர்களை, மாடு ஓட்டுகிறவர்களை, ஆட்டு ரோமம் கத்தரிக்கிறவர்களை, வறட்சியை, வெள்ளத்தைப் பாடினார். ‘புஷ் பாலட்’ என்று அங்கே சொல்லும் இந்தக் கதைப்பாட்டு வகைக்கு இன்றும் டாம்வர்த்தில் தனி விருது உண்டு. இரண்டு மூன்று கிட்டார் கோர்டுகளுக்கு மேல் இல்லாத அந்தப் பாட்டுகளை எளியவை என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. ஆனால் கேட்கிறவனின் ஊரும் வேலையும் அவனுடைய பேச்சுமொழியும் பாட்டுக்குள் வந்துவிடுகின்றன. அதைச் செய்வது எளிதே அல்ல.

தெருவிலிருந்து அரங்குக்கு

1979-இல் ‘ஸ்டார் மேக்கர்’ என்ற போட்டி தொடங்கியது. இளம் பாடகர்கள் நேரடியாக மக்கள் முன் பாட வேண்டும், நடுவர்கள் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். இப்போதெல்லாம் பரிசில் முக்கியமானது ஓராண்டுக்கு ஒரு கார், அதற்கான பெட்ரோல். ஊருக்கு ஊர் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இருக்கும் நாட்டில் புதுப் பாடகருக்குப் பணமுடிப்பைவிட அவசியமானது வண்டிதான் என்பதை அறிந்து வைத்த பரிசு. சாலையில் இறங்காமல் பாடகராக முடியாது என்ற ஸ்லிம்–ஜாய் காலத்துப் பாடம் அதற்குள் இருக்கிறது.

1990-இல் அதை வென்றவர் குயீன்ஸ்லாந்தின் கபூல்ச்சரில் வளர்ந்த 22 வயது இளைஞர் கீத் அர்பன். இரண்டு ஆண்டுகளில் நாஷ்வில் போனார். அமெரிக்க கன்ட்ரி பட்டியலில் அவருடைய பாட்டு ஒன்று தனியாக முதலிடம் பிடித்தது 2001-இல்தான். நடுவில் போன ஒன்பது ஆண்டுகளை விட்டுவிட்டுத்தான் அவர் கதையைப் பெரும்பாலும் சொல்கிறார்கள். டாம்வர்த் அவருக்குக் கதவைத் திறந்துவிட்டது. நடந்து போனவை அவர் கால்கள்.

கேசி சேம்பர்ஸின் வழி வேறு. பிறந்த சில வாரங்களில் அவரைப் பெற்றோர் நல்லர்போர் சமவெளிக்குக் கொண்டு போனார்கள். மரமே அரிதான அந்த வறண்ட வெளியில் அப்பா பில் நரி வேட்டையாடினார். இரவில் நெருப்பு மூட்டிச் சுற்றி உட்கார்ந்து அமெரிக்க கன்ட்ரி பாடகர் ஹேங்க் வில்லியம்ஸின் பாட்டுகளைப் பாடுவதுதான் பொழுதுபோக்கு. அந்தக் குடும்பமே பிறகு ‘டெட் ரிங்கர் பேண்ட்’ என்ற குழுவாகி டாம்வர்த்துக்கு வந்தது. 1999-இல் கேசி தன் பெயரில் வெளியிட்ட ‘தி கேப்டன்’ பெரிய வெற்றி. 2002-இல் ‘நாட் ப்ரிட்டி இனஃப்’ பாட்டு, கன்ட்ரி, பாப் என்ற வேலிகளையெல்லாம் தாண்டி ஆஸ்திரேலியப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. நான் அழகாக இல்லையா, என்னை யாரும் கேட்கமாட்டார்களா என்று ஒரு பெண் நேராகக் கேட்ட பாட்டு அது. வானொலிகள் தன் பாட்டைப் போடத் தயங்கிய ஆதங்கத்திலிருந்து பிறந்தது. பிறகு எல்லா வானொலிகளும் அதைப் போட்டன.

இந்த மண்ணின் மூத்த குரல்கள்

டாம்வர்த் இருப்பது கமிலராய் பழங்குடி மக்களின் நிலத்தில். கன்ட்ரி இசை என்றாலே வெள்ளைக்காரப் பண்ணைக்காரரின் தொப்பிதான் நினைவுக்கு வரும். ஆனால் ஆஸ்திரேலியப் பழங்குடியினர் இந்த இசையைத் தங்கள் சொந்தமாக்கிக்கொண்டு மூன்று நான்கு தலைமுறை ஆகிவிட்டது. மிஷன் குடியிருப்புகளில் அடைக்கப்பட்டவர்களுக்குக் கையில் கிடைத்தவை ஒரு வானொலிப் பெட்டியும் ஒரு கிட்டாரும். பிரிந்த குடும்பம், இழந்த ஊர், சிறைக் கதவு, குதிரை மேல் கழிந்த வேலைநாள் என்று அமெரிக்கப் பாட்டுகள் சொன்னவை எல்லாம் அவர்கள் வாழ்க்கையில் அப்படியே இருந்தன. வடக்கின் பெரும் மாட்டுப் பண்ணைகளை நடத்திக் கொடுத்ததே பழங்குடி மாட்டுக்காரர்கள்தாம். அவர்களுக்கு வெள்ளையருக்கு நிகரான கூலி சட்டப்படி அமலுக்கு வந்தது 1968 கடைசியில்தான். பெரிய கலைஞர்கள் எட்டிப் பார்க்காத அவர்களுடைய குடியிருப்புகளுக்கு ஸ்லிமும் ஜாயும் தேடிப் போய்ப் பாடினார்கள். அந்த மக்கள் அதை இன்றும் மறக்கவில்லை.

யோர்ட்டா யோர்ட்டா இனத்தவரான ஜிம்மி லிட்டில் 1963-இல் ‘ராயல் டெலிபோன்’ பாட்டால் நாடறிந்த நட்சத்திரமானார். பழங்குடியினரை மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சேர்க்க வழிவிட்ட 1967 வாக்கெடுப்புக்கு நான்கு ஆண்டு முந்தைய புகழ் அது. பாடகி ஆரியல் ஆண்ட்ரூ 1970-களின் தொடக்கத்திலேயே ஆல்பம் வெளியிட்டவர்.

ரோஜர் நாக்ஸின் கதையை மட்டும் விரிவாகவே சொல்ல வேண்டும். மாநில எல்லையை ஒட்டிய டூமெலா மிஷனில் வளர்ந்தவர். இளம் வயதில் டாம்வர்த் வந்தார். ‘கூரி கிங் ஆஃப் கன்ட்ரி’ என்று அவரைச் சொல்கிறார்கள். கூரி என்பது தென்கிழக்குப் பழங்குடியினர் தங்களைக் குறிக்கும் பெயர். 1980-களில் அவர் போன சிறுவிமானம் விழுந்தது. மீட்டு ஏற்றிச் சென்ற விமானமும் விழுந்தது. கடுமையான தீக்காயங்களோடு பிழைத்தார், நீண்ட சிகிச்சைக்குப் பின் மறுபடி பாட வந்தார். அவர் அதிகம் பாடிய இடங்களில் சிறைகளும் உண்டு. மக்கள்தொகையில் சிறு பங்கான பழங்குடியினர் ஆஸ்திரேலியச் சிறைகளில் அளவுக்கு மீறி நிறைந்திருக்கிறார்கள், அவர் பாடப் போனது தன் உறவுகளிடம். 2013-இல் அவர் வெளியிட்ட ஆல்பத்தின் பெயர் ‘ஸ்ட்ரேஞ்சர் இன் மை லேண்ட்’. தன் நிலத்திலேயே அந்நியனாகிப் போனவனின் குரல் அது.

அடுத்த தலைமுறையில் டிராய் கஸார்-டேலி. அம்மா பழங்குடி, அப்பா மால்ட்டா வம்சாவளி. கிராஃப்டன் ஊரில் வளர்ந்து, பன்னிரண்டு வயதை ஒட்டி டாம்வர்த்துக்கு வந்து தெருவில் பாடத் தொடங்கினார். இன்று கோல்டன் கிட்டார்களை மிக அதிகமாகக் குவித்தவர்களில் ஒருவர். 2015-இல் அவர் வெளியிட்ட ஆல்பத்துக்கு ‘ஃப்ரீடம் ரைட்’ என்று பெயர். 1965-இல் பழங்குடி மாணவரான சார்லஸ் பெர்கின்ஸும் சிட்னி மாணவர்களும் பேருந்தில் கிளம்பி, பழங்குடிக் குழந்தைகளை நீச்சல் குளத்தில் அனுமதிக்காத மோரீ போன்ற ஊர்களில் போராடிய பயணத்தின் பெயர் அது. மோரீ, டாம்வர்த்தைவிட்டு வடமேற்கே சில மணி நேரப் பயணத்தில் இருக்கிறது.

விழா பிறந்த ஆஸ்திரேலிய தின விடுமுறையே பழங்குடியினருக்குத் துக்க நாள். 1788 ஜனவரி 26 அன்று பிரிட்டிஷ் கொடி நாட்டப்பட்டதை அவர்கள் படையெடுப்பு என்கிறார்கள். விழாவில் இப்போது பழங்குடிக் கலைஞர்களுக்கென்று தனி நிகழ்ச்சி நடக்கிறது. நல்லதுதான், ஆனால் போதாது. ரோஜர் நாக்ஸ் போன்றவர்களைத் தனி அரங்கில் வைத்துக் கொண்டாடுவதைவிட, ஆஸ்திரேலிய கன்ட்ரி இசையின் நடு வரலாற்றிலேயே அவர்களை வைப்பதுதான் நியாயம்.

வறட்சியிலும் நின்ற பாட்டு

2019 செப்டம்பரில் டாம்வர்த்துக்குத் தண்ணீர் தரும் சாஃபி அணை வற்றி, நகரில் ஐந்தாம் நிலைத் தண்ணீர்க் கட்டுப்பாடு வந்தது. தோட்டத்துக்குத் தண்ணீர் கிடையாது, குளிப்பதற்கும் அளவு. அணையில் 15 சதவீதத்துக்கும் கீழே தண்ணீர் இருந்த 2020 ஜனவரியில், அந்த ஊர் விழாவை நடத்தியது. வருகிறவர்கள் விட்டுச் செல்லும் பணம் கடைகளுக்குத் தேவைப்பட்டது, பண்ணைக் குடும்பங்களுக்குப் பாட்டு தேவைப்பட்டது. வறட்சி நிவாரணத்துக்காக ஊர் ஊராகப் பாடி நிதி திரட்டிய பாடகர் லீ கர்னகன் 2008-இல் ஆண்டின் சிறந்த ஆஸ்திரேலியராகத் தேர்வானவர். அவரும் 1982-இல் ஸ்டார் மேக்கர் வென்று வந்தவர்தான். மழையில்லாத வருடத்தைப் பற்றிப் பாடிப் பிழைக்கும் கலைஞன், அந்த வருடம் நிஜமாக வரும்போது கேட்பவரோடு நிற்க வேண்டும் என்பது அங்கே எழுதப்படாத கடமை.

வறட்சியால் நிற்காத விழாவைக் கொரோனா நிறுத்தியது. 2021-இல் நடக்கவில்லை. ஐம்பதாவது விழா 2022 ஜனவரியிலிருந்து ஏப்ரலுக்குத் தள்ளிப்போனது. 2023-இல் மறுபடி கோடைக்கே திரும்பியது. ஜனவரி வெயிலைப் பழித்துக்கொண்டே வருடாவருடம் வருகிறவர்கள், அந்தத் தெரு மறுபடி நிரம்பியதைப் பார்த்து மகிழ்ந்தார்கள்.

இன்று தெருவில் பாட நகராட்சியிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். தெருப் பாடகர்களுக்குள்ளேயே போட்டியும் பரிசும் உண்டு. மக்கள் கையில் நாணயம் குறைந்துபோனதால் கிட்டார் பெட்டிக்குப் பக்கத்தில் செல்போனில் பணம் அனுப்பும் குறியீட்டு அட்டைகள் வந்துவிட்டன. இசைத்தட்டு விற்பனையும் இணைய வருமானமும் சிறு பாடகர்களைக் கைவிட்ட காலத்தில், நேரே கேட்டு நேரே கொடுக்கும் இந்தப் பத்து நாள் பலருக்கு ஆண்டின் நல்ல வருமானம். விருது விழாவின் வெளிச்சம் கூடக் கூட, அனுமதிக் கட்டணமும் விதிகளும் விளம்பரதாரர் கூடாரங்களும் சேர்ந்து அந்த நடைபாதையைச் சுருக்கிவிடாமல் பார்த்துக்கொள்வது டாம்வர்த்தின் பொறுப்பு. அங்கே இன்னும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் கிட்டாரோடு வந்துகொண்டிருக்கிறார்கள்.

சிட்னியில் பிள்ளையோ உறவினரோ இருக்கும் வாசகர்கள் பலர் பள்ளி விடுமுறையை ஒட்டி ஜனவரியில்தான் அங்கே போகிறீர்கள். கடற்கரையையும் ஓபரா ஹவுஸையும் பார்த்தபின் இரண்டு நாள் ஒதுக்கி வடக்கே போய் வாருங்கள். சிட்னியிலிருந்து தினமும் ரயில் இருக்கிறது, பயணம் ஆறு மணி நேரம் போல ஆகும். அறை கிடைப்பது சிரமம், பல மாதம் முன்பே பதிவு செய்துவிடுங்கள். தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் அவசியம். கிட்டார் பெட்டிகளில் போட ஒன்று, இரண்டு டாலர் நாணயங்களாகக் கொஞ்சம் மாற்றி எடுத்துக்கொண்டு போங்கள்.